அகப்பைக் கணக்கு

தை மாதம். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டு அடுக்களையில் பலாமரச் சட்டுவம் ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது. ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி நிறுத்தால் அது 80 கிராம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மரம்தான். ஆனால் அப்போதும் அதற்குள் சுமார் 6 கிராம் தண்ணீர் இருக்கும். அதே சட்டுவத்தை ஆடி மாதம் மூணாறில் ஒரு லயத்து வீட்டில் மாட்டிவைத்தால், யாரும் நனைக்காமலே உள்ளிருக்கும் தண்ணீர் 16 கிராமுக்கு ஏறிவிடும். இடையில் கூடிய 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன், முழுக்கக் காற்று கொண்டுவந்து சேர்த்தது.

மரக்கரண்டியைப் பராமரிப்பது பற்றிக் கேட்டால் எல்லோரும் எண்ணெயைப் பற்றித்தான் சொல்கிறார்கள். என்ன எண்ணெய், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தக் கட்டுரையின் கணக்கு தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. வரவும் செலவும் அதில்தான் நடக்கின்றன. எண்ணெய் பக்கத்தில் எழுதும் சின்னப் பற்று.

மரம் சுற்றியிருக்கும் காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால், மரத்துக்குள் இருக்கும் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 7.7 விழுக்காட்டில் வந்து நிற்கும். காற்று 65 என்றால் மரம் 12. காற்று 80 என்றால் மரம் 16. காற்று 90க்குப் போனால் மரம் 20.5. மரத்துக்கு மரம் சிறு மாற்றம் உண்டு. ஆனாலும் மரத்தொழிலில் உலகெங்கும் புழங்கும் அட்டவணை இதுதான். இதில் 20 என்ற எண்ணை மட்டும் தனியாக நினைவில் வைக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் மரத்தைப் பூஞ்சை தின்பதில்லை. மேற்பரப்பில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ படரும் பூஞ்சணம் இன்னும் அவசரக்காரன். காற்றின் ஈரம் 80ஐத் தாண்டிச் சில நாள் நின்றாலே வந்துவிடும்.

பாலக்காடும் இடுக்கியும் ஒரே மாநிலத்தின் இரண்டு எல்லை மாவட்டங்கள். பாலக்காட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து மூணாறுக்குப் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சின்னாறு சோதனைச்சாவடியில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் வழியாக ஏறுவார்கள். இந்த ஒரே பாதையில் மரக்கரண்டிக்கு எதிரி மாறிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளி. கார்த்திகை பிறந்தால் கிழக்கிலிருந்து அதன் வழியே வரும் வறண்ட காற்றை அங்கே விருச்சிகக் காற்று என்பார்கள். உதட்டை வெடிக்கவைக்கும் அந்தக் காற்று கரண்டியையும் விடாது. கோடையில் அந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சின்னாறு மழைமறைவுப் பகுதி. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் மழை, அதுவும் சுமார் 48 நாளில் பெய்து முடிந்துவிடும். அங்கிருந்து 60 கிலோமீட்டருக்குள் மூணாறு வந்துவிடுகிறது. கேரளம் முழுமைக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இயல்பான மழை 2018.6 மில்லிமீட்டர். மூணாறு, பீர்மேடு போன்ற மேட்டு ஊர்களில் கர்க்கடக (ஆடி) மாதத்தில் துணி காய்வதே பெரும்பாடு.

கிழக்குப் பாலக்காட்டுச் சித்தூரில் மரக்கரண்டி வெடித்துச் சாகிறது. மூணாறில் பூத்துச் சாகிறது. இரண்டு ஊருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் ஏதோ ஓர் ஊருக்கு அது தவறாகத்தான் போகும்.

முதலில் வெடிப்பை எடுத்துக்கொள்வோம். தேக்கு நன்றாக நனைந்த நிலையிலிருந்து முழுக்க உலரும்வரை, வளையங்கள் ஓடும் போக்கில் 5.8 விழுக்காடு சுருங்கும். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் 2.5 விழுக்காடுதான். நீளவாட்டில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். மரங்களில் மிகவும் அமைதியானவற்றுள் ஒன்று தேக்கு. மற்றவற்றில் பல இதைவிடக் கூடுதலாக ஆடும். மரத்தின் ஈரம் 20.5லிருந்து 7.7க்கு இறங்கினால், 7 சென்டிமீட்டர் அகலத் தேக்குச் சட்டுவம் வளையப்போக்கில் அறுத்ததாக இருந்தால் சுமார் 1.7 மில்லிமீட்டர் ஒடுங்கும். மற்றப் போக்கில் அறுத்ததாக இருந்தால் முக்கால் மில்லிமீட்டர். வாங்கும்போதே இதைப் பார்த்துவிடலாம். சட்டுவத்தின் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வளையக்கோடுகள் பரப்புக்குக் குறுக்காக நிமிர்ந்து நிற்கின்றனவா, படுத்துக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். நிமிர்ந்து நிற்பதை எடுக்க வேண்டும். விலை ஒன்றுதான், அசைவு பாதிக்கும் குறைவு.

ஒடுங்குவதால் மட்டும் மரம் வெடிப்பதில்லை. ஓரிடம் முந்தியும் ஓரிடம் பிந்தியும் ஒடுங்கும்போதுதான் வெடிக்கிறது. நாரின் நீளவாட்டில் தண்ணீர் குறுக்குவாட்டைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக ஓடும். அதனால் நார் வெட்டுப்பட்டு நிற்கும் இரண்டு முனைகள், அதாவது அலகின் நுனியும் காம்பின் கடைசியும்தான் முதலில் உறிஞ்சும், முதலில் காயும், முதலில் பிளக்கும். எண்ணெய் தடவுகிறவர்கள் பளபளப்பாகத் தெரியும் நடுப்பரப்பில் தாராளமாகத் தடவிவிட்டு முனையை மறந்துவிடுகிறார்கள். உடம்புக்கு ஒரு முறை என்றால் முனைக்கு இரண்டு முறை.

எவ்வளவு எண்ணெய்? 30 சென்டிமீட்டர் நீளச் சட்டுவம் ஒன்றின் மேற்பரப்பைக் கணக்கிட்டால், காம்புக்கு 150 சதுர சென்டிமீட்டர், அலகின் இரு பக்கத்துக்கும் 120, ஆக 270. மரத்தில் ஊறும் எண்ணெய் லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர் அளவில் பரவும் என்று கொண்டால், ஒரு சட்டுவத்துக்கு 2.7 மில்லிலிட்டர் போதும். அரை டீஸ்பூன். அதற்கு மேல் ஊற்றியது மரத்துக்குள் போகாது. மேலே நின்று தூசியையும் புகையையும் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும்.

எந்த எண்ணெய் என்பதற்கு அயோடின் எண் பதில் சொல்கிறது. எண் பெரிதாக இருக்கும் எண்ணெய் காற்றில் இறுகிப் படலமாகும். சிறிதாக இருப்பது இறுகாது, ஆனால் சிக்கும் அவ்வளவு எளிதில் பிடிக்காது. ஆளிவிதை எண்ணெயின் எண் 170க்கு மேல். சூரியகாந்தி 118 முதல் 141. நல்லெண்ணெய் 104 முதல் 120. தேங்காய் எண்ணெய் 6 முதல் 11 வரைதான். நடுவில் மாட்டிக்கொண்டவைதான் தொல்லை. நல்லெண்ணெயும் சூரியகாந்தியும் முழுக்க இறுகவும் மாட்டா, கெடாமல் நிற்கவும் மாட்டா. சில மாதத்தில் பசைபோலாகிவிடும். அடுக்களைச் சாமானுக்குத் தேங்காய் எண்ணெய்தான் நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன். பாலக்காட்டில் பாட்டிமார் செய்துவந்ததும் அதைத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மூணாறில் அது பெரும்பாலான நாளும் வெண்ணெய்க்கட்டியாகத்தான் இருக்கும். உருக்கித் தடவ வேண்டும். கரண்டியையும் சற்றே சூடாக்கிக்கொண்டால் உள்ளே இறங்கும். தச்சர்கள் கதவுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெயைக் கேட்டு வாங்கிவராதீர்கள். வன்பொருள் கடையில் கிடைப்பதில் சீக்கிரம் காய்வதற்கென உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள்.

எண்ணெய் பூசினால் மழைக்காலத்து ஈரம் உள்ளே போகாது என்ற நம்பிக்கைதான் பலருடைய மரச்சாமானைக் கெடுக்கிறது. அமெரிக்காவில் மாடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகம் பூச்சுகளை ஈரக்காற்றில் வைத்துச் சோதித்திருக்கிறது. மூன்று பூச்சு ஆளிவிதை எண்ணெய் போட்ட மரம்கூட 14 நாளில், ஒன்றும் பூசாத மரம் அளவுக்கே ஈரம் குடித்துவிட்டது. தடுப்புத் திறன் ஏறத்தாழப் பூச்சியம். உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கியெடுத்த மரம் அதே 14 நாளுக்குப் பிறகும் 90 விழுக்காட்டுக்கு மேல் தடுத்து நின்றது. எண்ணெய் சாம்பார்த் துளியை உடனே உறிஞ்சவிடாமல் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்துக்குள் கழுவித் துடைத்துவிடலாம். காற்றின் ஈரத்தைத் தடுக்க மெழுகு வேண்டும். அட்டப்பாடியிலும் இடுக்கி மலைகளிலும் தேன் எடுக்கிறவர்களிடம் தேன்மெழுகு கிடைக்கும். நான்கு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு போட்டு, கொதிநீரில் பாத்திரத்தை வைத்து உருக்கினால் ஆயிற்று. தேன்மெழுகு உருகுவது 62 டிகிரியை ஒட்டி. கொதிக்கும் குழம்போ 100 டிகிரி. ஆகவே அலகில் மெழுகு நிற்காது. காம்புக்கும், மத்தின் தண்டுக்கும், பூரிக்கட்டைக்கும், முறுக்கு நாழியின் வெளிப்புறத்துக்கும் அது பொருந்தும். அலகுக்குத் தனி எண்ணெய் போதும்.

மழை பிடித்தபின் எண்ணெய் பூசவே வேண்டாம். கர்க்கடகத்தில் 18 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும் மரத்தின்மேல் எண்ணெய் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும் வேகம்தான் குறையும். இடுக்கிப் பக்கத்தில் வைகாசியில், மழைக்கு முன்னால் நல்ல வெயில் நாளில் ஒரு முறை. துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒரு முறை. இரண்டே முறைதான். கிழக்குப் பாலக்காட்டில் விருச்சிகக் காற்று தொடங்கும் முன் ஐப்பசிக் கடைசியில், பிறகு தையில், பங்குனியில், ஆவணியில் என்று நான்கு முறை.

பழைய அடுக்களைகளில் மரச்சாமான்கள் எண்ணெய் அதிகம் இல்லாமலே தலைமுறை தாண்டின. காரணம் விறகடுப்பு. 20 டிகிரி வெப்பத்தில் 90 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும் மூணாற்றுக் காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறையாமலே ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அந்தக் காற்றில் இருக்கும் மரத்தின் ஈரம் 20லிருந்து 9க்கு வரும். அடுப்புக்கு அருகே சுவரில் தொங்கிய அகப்பைக்கூட்டில் நடந்தது இதுதான். ஓலையில் முடைந்ததோ மரத்தில் செய்ததோ, அகப்பைகளைத் தலை மேலாகச் செருகிவைக்கும் அந்தக் கூடு வெப்பமும் காற்றோட்டமும் சேரும் இடத்தில் இருந்தது. புகையில் இருக்கும் பீனால்கள் பூஞ்சைக்கும் வண்டுக்கும் ஆகாதவை. அரிசி உலையும் பருப்பும் வேகும் நேரமெல்லாம் மரம் தானாகக் காய்ந்துகொண்டிருந்தது.

2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டத்துக்கு முன்பே கேரளத்தில் எரிவாயு பரவியிருந்தது. அதன்பின் எட்டாத வீடுகளுக்கும் எட்டியது. பெண்களின் நுரையீரலுக்கு அது கிடைத்த பெரிய விடுதலை. மரக்கரண்டிக்காக யாரும் புகைக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அடுப்போடு போனது உலர்த்தும் இடமும்தான். இப்போது கழுவிய அகப்பை, தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில், அடியில் தண்ணீர் தேங்கும் எவர்சில்வர் டம்ளருக்குள், தலைகீழாகவோ நெருக்கியோ நிற்கிறது. வெட்டுப்பட்ட முனை அந்தத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இதைவிட மோசமான இடத்தை வேண்டுமென்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது பணக்கணக்கு. ஒரு வீட்டில் பத்து மரச்சாமான் என்று வைத்துக்கொள்கிறேன்: சட்டுவம் இரண்டு, சிரட்டை அகப்பை இரண்டு, பருப்பு மத்து, மோர் மத்து, களி கிண்டும் துடுப்பு, பூரிக்கட்டை, முறுக்கு நாழி, அஞ்சறைப்பெட்டி. கிழக்குப் பாலக்காட்டு வீடு, நான்கு முறை எண்ணெய், முறைக்கு 30 மில்லிலிட்டர். 2025 மழைக்காலத்தில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. நான் மேல் விலையாக 500 போடுகிறேன். மெழுகுக்கும் உப்புத்தாளுக்கும் போட்டிருப்பவை என் மதிப்பு விலைகள்; உங்கள் ஊர்க் கடை விலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் 120 மி.லி. – ரூ. 60
தேன்மெழுகு 25 கிராம் – ரூ. 20
உப்புத்தாள் இரண்டு – ரூ. 40
எலுமிச்சை, கல்லுப்பு, புளி – ரூ. 20
கைக்காசு மொத்தம் – ரூ. 140

வழக்கமாகக் கணக்கை இங்கேயே மூடிவிடுவார்கள். ஆனால் இதில் வேலை இன்னும் ஏறவில்லை. நாளுக்கு நான்கு சாமான் புழங்கும். ஒவ்வொன்றையும் கழுவிய கையோடு துணியால் ஒற்றி, காற்றில் வைக்க அரை நிமிடம். நாளுக்கு 2 நிமிடம், ஆண்டுக்கு 730 நிமிடம், அதாவது 12 மணி 10 நிமிடம். எண்ணெய் போடும் நாளில் முக்கால் மணி வீதம் 3 மணி. உப்புத்தாள் தேய்க்க ஒரு மணி. மொத்தம் 16 மணிச் சொச்சம். எட்டு மணி வேலைநாளாக இரண்டு நாள். 2025-26ஆம் ஆண்டுக்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள்கூலி கேரளத்தில் 369 ரூபாய், தமிழ்நாட்டில் 336 ரூபாய். மாநில எல்லையில் வேலந்தாவளத்துச் சோதனைச்சாவடிக்குக் கேரளப் பக்கம் இருக்கும் வீட்டில் அந்த இரண்டு நாளின் மதிப்பு 738. அந்தப் பக்கம் 672. கேரளக் கணக்கில் மொத்தம் 878 ரூபாய். அதில் 84 விழுக்காடு, சம்பளம் இல்லாமல் ஒரு பெண் கொடுக்கும் நேரம். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுவரை உள்ள பெண்கள் ஊதியமில்லா வீட்டுவேலைக்கு நாளொன்றுக்கு 305 நிமிடம் கொடுப்பதாகத் தெரிந்தது. அந்த 305க்குள் இன்னும் 2 நிமிடத்தைச் சேர்க்கச் சொல்லும் எந்த அறிவுரைக்கும், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விலை போட வேண்டும் என்று நினைக்கிறேன்.

விலை போட்டால் என்ன ஆகிறது? பத்துச் சாமான் சராசரி 150 ரூபாய் வீதம் 1500 ரூபாய். கவனிக்காமல் விட்டால் இரண்டு ஆண்டு, கவனித்தால் எட்டு ஆண்டு வரும் என்று கொள்வோம். கவனிக்காத வீட்டுக்கு ஆண்டுச் செலவு 750. கவனிக்கும் வீட்டுக்குச் சாமான் விலையில் ஆண்டுப் பங்கு 187 ரூபாய் 50 காசு, அதோடு கைக்காசு 140, ஆக 327.50. பாதிக்கும் குறைவு. ஆனால் 738 ரூபாய் உழைப்பைச் சேர்த்தால் 1065.50 ஆகிவிடுகிறது. அதாவது, உழைப்புக்கு மதிப்புக் கொடுத்தால் மரக்கரண்டியைக் கெடவிட்டுப் புதிதாக வாங்குவதே லாபம். இந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு சரி.

ஆகவே குறைக்க வேண்டியது எண்ணெயோ மெழுகோ அல்ல, அந்த அரை நிமிடத்தை. அதைக் குறைப்பது அகப்பைக்கூடு. அடுப்பிலிருந்து ஒரு கை தூரத்தில், தீ படாமல், சூடு மட்டும் வந்துபோகும் சுவரில், சாமான்கள் ஒன்றையொன்று தொடாமல் தலை மேலாக நிற்கும்படி ஒரு கம்பியோ துளையிட்ட பலகையோ இருந்தால், கழுவி உதறிச் செருகப் பத்து விநாடி போதும். ஆண்டுக்கு 12 மணி 10 நிமிடம் 4 மணியாகச் சுருங்குகிறது. மொத்த வேலை ஒரே நாள், 369 ரூபாய். இப்போது கூட்டினால் 187.50, 140, 369, ஆக 696.50. கவனிக்காத வீட்டின் 750க்குக் கீழே வந்துவிட்டது. பத்து வகை எண்ணெயைப் பற்றிப் பேசுவதைவிடச் சுவரில் எங்கே ஆணி அடிப்பது என்று யோசிப்பதற்கு மதிப்பு அதிகம். மூணாறு, குமுளி, பீர்மேடு வீடுகளில் மழை மாதங்களுக்கு இன்னொரு இடமும் உண்டு: குளிர்சாதனப் பெட்டியின் சூடு வெளிவரும் பக்கச் சுவர். சில டிகிரி கூடினாலே காற்று வறண்டுவிடும் என்பதை மேலே பார்த்தோம். வாரம் ஒருமுறை எல்லாச் சாமானையும் ஓரிரவு அங்கே நிறுத்திவைத்தால் 20 என்ற கோட்டைத் தாண்டாது.

எப்போதும் 20க்குக் கீழே இருப்பதில் தேங்காய்ச் சிரட்டை மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நிற்கிறது. அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கூடுதல், மரம்போலத் திறந்த நார்முனை அதற்கு இல்லை, சுருங்கி வெடிக்காது. ஒரு சிரட்டை முழுதாக 150 கிராம் என்றால் பாதி 75 கிராம். கண் இல்லாத அடிப்பாதி அகப்பைக்கு. கண்ணுள்ள பாதி சிரட்டைப் புட்டு அவிக்க. சிரட்டைக்கு இன்று விலை உண்டு. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்துக் கரிச்சூளைகள் அதை விடாமல் வாங்குகின்றன. கிலோ 25 ரூபாய் என்று வைத்தாலும் ஓர் அகப்பைக்கான சிரட்டை 2 ரூபாய்தான். அதைக் கரியாக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, 22 கிராம் அளவில் தேறும்.

மீதி முழுக்கக் கைவேலை. வெளிநாரைச் சுரண்டி, வழவழப்பாகத் தேய்த்து, விளிம்பைச் சமன்செய்து, எதிரெதிரே இரண்டு துளையிட்டு, மூங்கிலிலோ கமுகிலோ காம்பு சீவி இறுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி தொகுத்த 2022-23 கணக்கில் ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 852.50 ரூபாய், இந்தியா முழுமைக்கும் 393.30. மணிக்கு 107 ரூபாயும் 49 ரூபாயும். கேரளத்தில் 60 ரூபாய்க்கு ஒரு சிரட்டை அகப்பை கேட்டால், செய்பவரை மணிக்கு 58 ரூபாய்க்கு வேலைசெய்யச் சொல்கிறோம். திருவிழாக் கடைகளில் பேரம் பேசும்போது இந்த எண்ணை மனத்தில் வைத்திருங்கள்.

அகப்பையில் கெடுவது காம்புதான். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்குத் துளைவண்டு வரும். அடியில் மாவு உதிர்ந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு நிழலில் காயவைத்தால் மாவுச்சத்து குறைந்துவிடும். சமையல் சாமான் என்பதால் வேறு மருந்து வேண்டாம். காம்பை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே சிரட்டையைப் பல ஆண்டு ஓட்டலாம். கஞ்சி குடிக்கப் பலா இலையைக் கோட்டி ஈர்க்குக் குத்திச் செய்யும் பிலாவிலைக் கும்பிளுக்கோ இந்தக் கணக்கே தேவையில்லை. விலையும் இல்லை, பராமரிப்பும் இல்லை, குடித்தபின் ஆட்டுக்குப் போட்டுவிடலாம்.

மரத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலா நல்ல மரம். பாலக்காட்டுப் பெருவெம்பில் மத்தளமும் மிருதங்கமும் கடைவது பலாவில்தான். வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள் சட்டுவத்துக்குத் தாராளம். புளியமரம் கனம், மத்துக்கும் பூரிக்கட்டைக்கும் ஏற்றது. மாமரம் மலிவு, ஆனால் ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும், இடுக்கிக்கு வேண்டாம். தேக்கு என்றால் கதவு நிலை செய்து மிஞ்சிய துண்டு போதும். பறம்பிக்குளத்துக் கன்னிமாராத் தேக்கு சுமார் 7 மீட்டர் சுற்றளவோடு இன்றும் நிற்கிறது. 1994-95இல் மகாவிருட்ச புரஸ்கார் பெற்ற அந்த மரம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் அங்கே போகும் சாலை தமிழ்நாட்டுச் சேத்துமடை வழிதான். அந்தக் காடுகளின் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கவே கொச்சி சமஸ்தானம் 1907இல் டிராம் பாதை போட்டது. அவ்வளவு மரம் இழந்த இடம் என்பதை நினைத்தால், புதுப் பலகையில் கரண்டி செய்யச் சொல்ல மனம் வராது. எட்டி, அரளி இரண்டையும் அடுக்களைக்குள் விடக்கூடாது, இரண்டும் விஷம். எட்டி இந்தப் பக்கத்துக் காட்டோரங்களில் சாதாரணமாக வளரும், பார்வைக்கு நல்ல கட்டை. ஆகவே பெயர் தெரியாத மரத்தில் கரண்டி செதுக்க வேண்டாம்.

மரம் அழுக்கைக் குடித்துக் கிருமியை வளர்க்கும் என்ற பயமும் உண்டு. ஆய்வாளர் டீன் கிளைவரும் அவருடைய கூட்டாளிகளும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், வெட்டுப்பலகையின் மரப்பரப்பில் விட்ட பாக்டீரியாக்கள் உள்ளே இழுக்கப்பட்டுப் பரப்பில் கிடைக்காமல் போயின. கத்திக்கீறல் விழுந்த பிளாஸ்டிக்கிலோ கழுவிய பின்னும் மிஞ்சின. உலர்ந்த மரத்துக்கு உள்ள குணம் இது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் நைலான் கரண்டிகளைப் பற்றி எச்சரித்தது: 70 டிகிரிக்கு மேல் உணவில் நீண்ட நேரம் வைத்தால் அதன் சிறு மூலக்கூறுகள் உணவுக்குள் இறங்கும். பலாப்பழச் சக்கவரட்டி கிண்டும் உருளியில் வெல்லப்பாகு 100 டிகிரிக்கு மேலே நிற்கும்; மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். எவர்சில்வர் மரத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும், கை தாங்காது. கல்பாத்தியிலும் சித்தூர்க் கிராமங்களிலும் பிரதமனுக்கும் வரட்டிக்கும் மரச் சட்டுவத்தை விடாமல் வைத்திருப்பது அனுபவம் கண்டுபிடித்த கணக்கு.

மீன்குழம்புக்கும் பாயசத்துக்கும் ஒரே அகப்பை வேண்டாம். வாடை பிடித்ததை அரைமூடி எலுமிச்சையாலும் கல்லுப்பாலும் தேய்த்து, கொதிநீரை ஊற்றி, உடனே உலர்த்த வேண்டும். கொதிநீரில் போட்டு ஊறவிடக் கூடாது. கறுப்புப் புள்ளி மேலே மட்டும் இருந்தால் உப்புத்தாளால் எடுக்கலாம். நகத்தால் அழுத்தி மரம் அமுங்கினால் அது 20ஐத் தாண்டி வெகுநாள் ஆயிற்று, விறகுக்குத்தான் ஆகும்.

உப்புத்தாள் விஷயத்தில் கை அடங்க வேண்டும். 8 மில்லிமீட்டர் கனமுள்ள சட்டுவத்தை ஆண்டுக்கு ஒருமுறை 220 எண் தாளால் மெல்லத் தேய்த்தால், பக்கத்துக்கு 0.1 வீதம் இரு பக்கமும் சேர்த்து 0.2 மில்லிமீட்டர் போகும் என்று கொள்வோம். 5 மில்லிமீட்டருக்கு வர 15 ஆண்டு. பளபளப்புக்காக ஆண்டுக்கு மூன்று முறை தேய்த்தால் 5 ஆண்டில் அங்கே வந்துவிடும். 5க்குக் கீழே போன சட்டுவம் உருளியில் வளையும், வரட்டி கிண்ட ஆகாது. அலகை இரண்டு விரல் அகலத்துக்குச் சீவி, காம்பைப் பாதியாகக் குறைத்தால் மாங்காய் ஊறுகாய் ஜாடிக்கு நல்ல கரண்டியாகிவிடும்; உப்பும் புளிப்பும் உலோகத்தை அரிக்கும் அந்த ஜாடிக்குள் இன்னும் பல ஆண்டு ஓடும்.